வயக்காட்டு வழியா, காட்டுக்குள்ள எம்டிபி ஓட்ட எந்தப் பாதை? சவுத் டவுன்ஸ் பக்கம் இருக்கற தம்பிக்கு ஒரு நீளமான பதில்

தம்பி கேட்டிருந்தது இதுதாங்க. வேலைக்காக தெற்கு இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் வந்து 4 மாசம் ஆச்சு, ஒரு ஹார்ட்டெயில் (முன்னாடி மட்டும் ஷாக் இருக்கற) எம்டிபி, அதாவது மவுன்டன் பைக் வாங்கியாச்சு, ரோட்லயே ஓட்டி சலிச்சுப் போச்சு, ஆப்ல பாத்தா வயக்காட்டுக்கு நடுவுல, காட்டுக்குள்ளன்னு கோடு கோடா தெரியுது, அதுல எல்லாம் போலாமா, எங்க ஆரம்பிக்கறது, டயர் என்ன போடறதுன்னு. நான் இந்தப் பக்கம் 11 வருஷமா ஓட்டறேன், தெரிஞ்சத எல்லாம் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

மொதல்ல ஒண்ணு. ஆப்ல தெரியற கோடு பாதை கிடையாது, யாரோ ஒருத்தர் அந்த வழியா போயிருக்காருங்கறதுக்கு அடையாளம், அவ்வளவுதான். இங்கிலாந்துல ஒரு பாதைல சைக்கிள் போலாமா வேண்டாமாங்கறது பாதை எவ்வளவு அகலம், எவ்வளவு நல்லா இருக்குங்கறத வெச்சு இல்ல, அந்தப் பாதைக்கு சட்டத்துல என்ன பேரு இருக்குங்கறத வெச்சு. கார் போற அளவு அகலமான மண் ரோடு ஃபுட்பாத்தா, அதாவது நடக்க மட்டும் உரிமை உள்ள பாதையா இருக்கும், அதுல சைக்கிளுக்கு உரிமை இல்ல. ஒத்தையடிப் பாதை, ரெண்டு பக்கமும் காஞ்சொறி மாதிரி அரிக்கற நெட்டில் செடி காலத் தடவிட்டு நிக்கும், அது ப்ரைடில்வேயா இருக்கும், அதுல நீங்க தாராளமா போலாம். ப்ரைடில்வேன்னா குதிரை போற வழி. 1968ல வந்த கன்ட்ரிசைடு ஆக்ட்தான் அதுல சைக்கிளுக்கும் உரிமை குடுத்துச்சு, ஆனா அதே சட்டத்துல நடந்து வர்றவங்களுக்கும் குதிரைல வர்றவங்களுக்கும் சைக்கிள்காரர்தான் வழி விடணும்னும் இருக்கு. இத மனசுல வெச்சுக்கிட்டா பாதி பிரச்சனை வராது.

களத்துல எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, கேட் தூண்ல ஒரு சின்ன வட்டமான தகடு அடிச்சிருப்பாங்க, நடுவுல அம்புக்குறி. மஞ்சள் அம்புன்னா ஃபுட்பாத், சைக்கிளுக்கு ஆகாது. நீலம்னா ப்ரைடில்வே. ஒரு மாதிரி நாவப்பழக் கலர்ல இருந்தா ரெஸ்ட்ரிக்டட் பைவே, செவப்புன்னா பைவே, இது ரெண்டுலயும் போலாம், செவப்புல எதுத்தாப்புல ஜீப்போ மோட்டர்பைக்கோ வரலாம். தகடு விழுந்து போயிருந்தா தடுப்பப் பாருங்க. வேலியத் தாண்ட மரப்படி மாதிரி கட்டியிருப்பாங்க, ஸ்டைல்னு பேரு, அது இருந்துச்சுன்னா அந்தப் பாதை ஃபுட்பாத்துதான், ஏன்னா குதிரை படி ஏறாது. ப்ரைடில்வே கேட்ல தாழ்ப்பாளோட கைப்பிடி நீளமா மேல வரைக்கும் நீட்டிக்கிட்டு இருக்கும், குதிரைல உக்காந்தபடியே தொறக்கறதுக்காக, நீங்களும் சைக்கிள விட்டு எறங்காமயே ஒரு கையால தொறந்துடலாம்.

மேப்னா ஆர்ட்னன்ஸ் சர்வேயோட எக்ஸ்ப்ளோரர் மேப், 1:25,000 ஸ்கேல், இத வாங்கிடுங்க, இல்ல அவங்க ஆப்லயே சந்தா கட்டிக்கலாம். அதுல பச்சைக் கலர்ல சின்னச் சின்ன கோடு விட்டு விட்டு வந்தா ஃபுட்பாத், அதே பச்சை நீளக் கோடா வந்தா ப்ரைடில்வே, சிலுவை சிலுவையா வந்தா பைவே. ஆரஞ்சுக் கலர்ல இருக்கறது நிலத்துக்காரர் தானா விட்டுக் குடுத்த பாதை, அதுலயும் சின்னக் கோடுன்னா நடக்க மட்டும், நீளக் கோடுன்னா குதிரைக்கும் சேத்து, சைக்கிள விடறாங்களான்னு அங்க இருக்கற போர்டப் படிச்சுக்கங்க. சட்டப்படி கடைசி வார்த்தை கவுன்ட்டி கவுன்சில் வெச்சிருக்கற டெஃபினிடிவ் மேப்தான், ஹாம்ப்ஷயர் கவுன்சில் பாதை மேப்ப நெட்லயே போட்டிருக்காங்க, காசில்லாம பாக்கலாம். (ஸ்காட்லாந்து போனா கதையே வேற, 2003 சட்டத்துக்கு அப்புறம் அங்க பொறுப்பா நடந்துக்கிட்டா கிட்டத்தட்ட எல்லா நெலத்துலயும் போலாம். அந்த நெனப்புல இங்க ஓட்டக்கூடாது.)

இவ்வளவு ஏன் சொல்றேன்னா, வந்த மொத வருஷம் நானும் ஆப்ல வந்த கோட்ட நம்பி ஒரு பார்லி வயலுக்குள்ள போய்ட்டேன். கதிர் இடுப்பு ஒசரம், பாதை ஒரு முழ அகலம், ஹேண்டில்பார் ரெண்டு பக்கமும் கதிரத் தட்டிக்கிட்டே போகுது. அந்தக் கடைசில வயசான விவசாயி ஒருத்தர் நின்னுட்டு இருந்தாரு. சத்தம் போடல, என்னைய கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போயி மஞ்சள் அம்ப விரல் வெச்சுக் காட்டினாரு, அப்புறம் வந்த வழியத் திரும்பிப் பாக்கச் சொன்னாரு, ரெண்டு பக்கமும் மணி கொட்டிக் கெடந்துச்சு. எங்க அப்பா வெள்ளாமை பண்ற வயலுக்குள்ள யாராச்சும் அப்படி வண்டி விட்டிருந்தா எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சேன். அன்னைல இருந்து மேப்புல நீளக் கோடு தெரியாம ஒரு வயலுக்குள்ளயும் எறங்கறதில்ல.

அதுக்காக பயந்துக்கவும் வேண்டாங்க. உரிமை உள்ள பாதைல வயல் நடுவுல போறதுக்கு யாரும் உங்களத் தடுக்க முடியாது. வயலுக்குக் குறுக்கால போற ப்ரைடில்வேய விவசாயி உழலாம், ஆனா விதைப்புக்காக உழுதா 14 நாளுக்குள்ள திரும்ப 2 மீட்டர் அகலத்துக்குப் பாதையச் சரி பண்ணிக் குடுக்கணும், பயிர் அதுக்கு மேல வளராமப் பாத்துக்கணும். வயல் ஓரமாப் போற ப்ரைடில்வேய உழவே கூடாது. செப்டம்பர், அக்டோபர்ல போனா புதுசா உழுத மண்ணுல ட்ராக்டர் சக்கரத்தாலயே பாதையக் கோடு போட்டு அழுத்தி விட்டிருப்பாங்க, அதுதான் உங்க வழி, அதுலயே போங்க. ஒருவேளை பாதை மேலயே பயிர் நின்னா வரிசையா மெதுவா அந்தக் கோட்டுலயே போறதுதான் சரி, சுத்திப் போறேன்னு பக்கத்து வயல்ல எறங்குனா அது அத்துமீறல் ஆயிடும்.

இப்ப எங்க போறதுங்கறதுக்கு வர்றேன். சவுத்தாம்ப்டன்ல இருக்கறவங்க எல்லாரும் மொதல்ல நியூ ஃபாரஸ்ட்டத்தான் சொல்வாங்க, பக்கம்தான், அழகுதான், ஆனா அங்க காட்டுக்குள்ள இஷ்டத்துக்கு ஓட்ட முடியாது, சைக்கிளுக்குன்னு ஒதுக்கின ஜல்லிப் பாதைல மட்டும்தான், நம்பர் போட்ட குட்டைத் தூண் வெச்சிருப்பாங்க, அத விட்டு விலகக்கூடாது. ப்ராக்கன்ஹர்ஸ்ட் ஸ்டேஷன்ல எறங்கி பர்லி பக்கம் பழைய ரயில் தண்டவாளம் போன தடத்துல போலாம், குடும்பத்தோட போக ரொம்ப நல்லது, குதிரைக் குட்டிங்க வழில வந்து நிக்கும். எம்டிபி வாங்கின ஆசை அங்க தீராது.

அந்த ஆசை தீர்றது சவுத் டவுன்ஸ் வேங்கற நெடும்பாதைலதான். வின்செஸ்டர்ல ஆரம்பிச்சு ஈஸ்ட்போர்ன் வரைக்கும் 160 கிலோமீட்டர், சுண்ணாம்புக் குன்றோட முதுகு மேலயே போற பாதை. 1972ல தொறந்தாங்க, இந்த நாட்டு நேஷனல் ட்ரெயில்கள்ல முழுக்க ப்ரைடில்வேயா தொறந்த மொதல் பாதை இதுதான், அதாவது ஒரு கோடிலருந்து இன்னொரு கோடி வரைக்கும் சைக்கிளுக்கு உரிமை உண்டு. குன்று ஒசரம்னு பாத்தா ஒண்ணும் இல்ல, பெருசா இருக்கற பட்சர் ஹில்லே 270 மீட்டர்தான், ஆனா ஏறி எறங்கி ஏறி எறங்கி மொத்தமா 3,500 மீட்டருக்கு மேல ஏத்தம் வந்துடும். அதனால மொத தடவை முழுசையும் ஒரே மூச்சுல யோசிக்காதீங்க.

உங்களுக்கு நான் சொல்ற மொத ரைடு இது. சனிக்கிழமை காலைல ரயில்ல வின்செஸ்டர் போயிடுங்க, 20 நிமிஷம்தான், லீவு நாள்ல சைக்கிள் ஏத்தறதுக்கு அவ்வளவு நெருக்கடி இருக்காது. ஊர விட்டு வெளிய வந்து மோட்டர்வேக்கு மேல பாலத்தத் தாண்டுனதும் சில்கம் கிராமம், அதுக்கப்புறம் சத்தமே அடங்கிப் போயிடும். கொஞ்சம் ஏறினா சீஸ்ஃபுட் ஹெட், நெலம் அப்படியே கிண்ணம் மாதிரி குழிஞ்சு கெடக்கும், 1944ல, ரெண்டாம் உலகப் போர்ல, நார்மண்டி படையெடுப்புக்கு முன்னாடி நேச நாட்டுப் படைத் தளபதி ஐசனோவர் அந்தச் சரிவுல சிப்பாய்ங்கள உக்கார வெச்சுப் பேசின எடம். இப்ப அங்க கோதுமை. ஏப்ரல் கடைசில போனீங்கன்னா கடுகு மாதிரி மஞ்சள் பூ பூக்கற ரேப் பயிர் கண்ணு கூசற அளவுக்கு விரிஞ்சு கெடக்கும், வாசனை தொண்டைல போய் ஒக்காரும், அலர்ஜி இருந்தா மாத்திரை போட்டுட்டுப் போங்க.

அங்கருந்து வயல் ஓரம், மரத்தடி, பண்ணை வீட்டு முத்தம்னு மாறி மாறிப் போயி பீக்கன் ஹில்ல இருந்து எக்ஸ்டன் கிராமத்துக்கு எறங்குவீங்க. இது வரைக்கும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். எக்ஸ்டன்ல மியான் ஆறு ஓடும், வாய்க்கால் அகலம்தான், ஆனா அடியில கெடக்கற ஒவ்வொரு கல்லும் தெரியும், அவ்வளவு தெளிஞ்ச தண்ணி, சுண்ணாம்புப் பாறை வழியா வடிகட்டி வர்றதால அப்படி. ஆத்தோரத்துல பப் இருக்கு, அங்க சாப்ட்டுக்கலாம்.

காலு ஓஞ்சிருந்தா அங்கருந்து மியான் வேலி ட்ரெயில்ல தெக்க எறங்கிடுங்க. 1903ல போட்டு 1955ல பயணிகள் ரயில நிறுத்தின தண்டவாளத் தடம் அது, வெஸ்ட் மியான்ல இருந்து விக்கம் வரைக்கும் 16 கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதளம், ரெண்டு பக்கமும் மரம் கவிஞ்சு நடுவுல பச்சைக் குகைக்குள்ள போற மாதிரி இருக்கும். வழில ட்ராக்ஸ்ஃபோர்டு, 1944 ஜூன்ல நார்மண்டி படையெடுப்புக்கு சில நாளுக்கு முன்ன சர்ச்சில் தன்னோட ரயில அந்த ஸ்டேஷன்ல நிறுத்திட்டு அதுலயே தங்கியிருந்தாரு. விக்கம்ல இருந்து பாட்லி ஸ்டேஷன் போயி ரயில் புடிச்சா வீடு. ஏ334 ரோட்ல வண்டி வேகமா வரும், மேப்பப் பாத்து சின்ன லேன் வழியாப் போங்க.

தெம்பு இருந்தா எக்ஸ்டன்ல நிறுத்தாம ஓல்ட் வின்செஸ்டர் ஹில் பக்கம் ஏறி பட்சர் ஹில் வரைக்கும் போங்க. (அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடக்கறவங்க வழியும் ரைடர் வழியும் பிரியும், நீல அம்பப் பாத்துப் போகணும்.) பட்சர்ல இருந்து எறங்கற எடத்தப் பத்தி தனியாச் சொல்லணும். வெறும் புல்லுச் சரிவு, பாதைன்னு ஒரு கோடு கூட கெடையாது, பச்சைப் பாய் விரிச்ச மாதிரி அகலமா நேரா கீழ ஏ3 ஹைவேய நோக்கி விழும். பிரேக்க விட்டா கண்ணுல தண்ணி வர்ற வேகம். ஆனா புல்லுக்குள்ள ஆட்டுக்குட்டி படுத்திருக்கும், குழந்தைங்களோட குடும்பம் ஏறி வரும், அடியில ஒரு கேட் இருக்கு, ஈரப் புல்லுல முன் பிரேக்கப் புடிச்சா சக்கரம் அப்படியே வழுக்கும். எதிர்ல ஆள் இல்லைன்னு தெரியற வரைக்கும் மட்டும் வேகமா போங்க. கீழ ஹைவேக்கு அடியில புகுந்தா குயின் எலிசபெத் கன்ட்ரி பார்க், வின்செஸ்டர்ல இருந்து சுமாரா 38 கிலோமீட்டர். பீச் (beech) மரக்காடு, உள்ள எம்டிபிக்குன்னே அடையாளம் போட்ட பாதை லேசானது ஒண்ணு, கஷ்டமானது ஒண்ணுன்னு இருக்கு, வேரு, வளைவு, குட்டிக் குட்டிப் பள்ளம், திரும்பத் திரும்பச் சுத்திப் பழகறதுக்கு இத விட நல்ல எடம் உங்களுக்குப் பக்கத்துல இல்ல. முடிச்சுட்டு பீட்டர்ஸ்ஃபீல்டு ஸ்டேஷன், ஹேவன்ட்ல மாறி சவுத்தாம்ப்டன்.

பீட்டர்ஸ்ஃபீல்டுக்கு வடக்க ஸ்டீப், ஹாக்லி, செல்போர்ன் பக்கம் எனக்கு ரொம்பப் புடிச்ச வழிங்க இருக்கு. அங்க செங்குத்தான சரிவுல தொத்திக்கிட்டு நிக்கற காட்ட ஹேங்கர்னு சொல்வாங்க. அந்தச் சரிவுல எறங்கற பழைய வண்டித்தடம் எல்லாம் நூத்துக்கணக்கான வருஷமா சக்கரமும் குளம்பும் மழைத் தண்ணியும் அரிச்சு அரிச்சு ரெண்டு ஆள் ஒசரத்துக்குப் பள்ளமாயிருச்சு, ரெண்டு பக்கமும் மண் சுவர், சுவருக்கு வெளிய பாம்பு மாதிரி நெளிஞ்சு நிக்கற மரவேரு, மேல கிளை கோத்து வெளிச்சமே கம்மி. கொங்குப் பக்கத்துக்காரங்களுக்கு ஒரே வார்த்தைல சொன்னா இட்டேரி. மொத தடவை அதுக்குள்ள போனப்ப வண்டிய நிறுத்திட்டு கொஞ்ச நேரம் நின்னுட்டேன், கிளுவ வேலிக்குப் பதிலா பீச் மரம், அவ்வளவுதான் வித்தியாசம், கால்ல படற குளிர்ச்சி கூட அதேதான். ஒண்ணு மட்டும் கவனிங்க, ஹேங்கர்ஸ் வேன்னு மேப்புல பேர் போட்டு ஒரு பாதை வரும், அது நடக்கறவங்களுக்கானது, பெரும்பாலும் ஃபுட்பாத், பேரப் பாத்து ஏமாந்துடாதீங்க. அதுக்குக் குறுக்கால வர்ற பைவே, ப்ரைடில்வே எல்லாம் கோத்து நீங்களே ஒரு வட்டம் போட்டுக்கணும்.

டயர் கேட்டீங்க. இந்த ஊர் மண்ணத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் டயர் புரியும். மேல எல்லாம் சுண்ணாம்பு, அதுக்குள்ள ஃபிளின்ட் கல்லு, கருப்பா கண்ணாடி மாதிரி ஒடையும், ஒடைஞ்ச வெளிம்பு பிளேடுதான். நடுவுல குத்தறத விட டயரோட பக்கச் சுவரக் கிழிக்கறதுதான் அதிகம். அதனால ட்யூப்லெஸ், உள்ள ஓட்டைய தானா அடைக்கற சீலன்ட் திரவம், பக்கச் சுவர் கனமா இருக்கற டயர், 2.25 இஞ்சுல இருந்து 2.4 வரைக்கும் எதுவும் சரி. கூட ஓட்டைல சொருகி அடைக்கற ப்ளக், ஒரு ட்யூப், பழைய டயர்ல வெட்டின ஒரு துண்டு, இந்த மூணும் பையில எப்பவும் இருக்கணும். ஒரு அக்டோபர் சாயங்காலம் கட்டை விரல் நீளத்துக்குப் பக்கச் சுவர் கிழிஞ்சு, சீலன்ட் எல்லாம் கொட்டி, அந்தத் துண்ட உள்ள வெச்சு ட்யூப் போட்டுத்தான் இருட்டறதுக்குள்ள ஸ்டேஷன் சேந்தேன்.

மழை பேஞ்சா சுண்ணாம்பு வழுக்கும், எப்படின்னா ஈரக் கைல சோப்பு மாதிரி. வெத்தலைக்குத் தடவற சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் குழம்பாகி ஃபிரேம்ல, செயின்ல, பிரேக்ல ஒட்டும், காஞ்சா சிமென்ட், வீட்டுக்கு வந்த அன்னைக்கே கழுவிடுங்க, நாளைக்குன்னு வெச்சா சொரண்டத்தான் வேணும். எறக்கத்துல வெள்ளையா பளபளன்னு தெரியற தடத்த விட்டுட்டு ஓரத்துல புல்லு மேல போங்க. ஆனா காட்டுக்குள்ள, அடிவாரத்துல எல்லாம் களிமண், நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் சக்கரம் சுத்தாத அளவுக்கு அப்பிக்கும், அந்த மாசங்கள்ல நீங்க ஓட்டற தடம் பாதைய ரொம்பக் கெடுத்துடும், குன்று முதுகு, மியான் வேலி மாதிரி தண்ணி வடியற எடத்துல ஓட்டிக்கங்க. மே, ஜூன், செப்டம்பர், இந்த மூணு மாசமும் தங்கம்.

தண்ணி விஷயம் நெறைய பேர் ஏமாறற எடம். குன்று மேல பெய்யற மழை எல்லாம் நேரா சுண்ணாம்புக்குள்ள எறங்கிடும், மேல ஓடையே இருக்காது, அந்தக் காலத்துல ஆட்டுக்குத் தண்ணி வேணும்னு களிமண்ண மிதிச்சு அடி பூசி குட்டை கட்டி வெச்சாங்க, இன்னும் சிலது இருக்கு. ரைடருக்கு அங்கங்க குழாய் வெச்சிருக்காங்க, எங்கங்கன்னு ட்ரெயிலோட மேப்புல குறிச்சிருக்கும், மொதல்லயே பாத்து வெச்சுக்கிட்டு ரெண்டு லிட்டர் எடுத்துட்டுப் போங்க.

மாட்டப் பத்தி. நாம மாட்டோட வளந்தவங்க, அந்த தைரியத்த இங்க காட்டாதீங்க. கன்னு போட்ட மாடு மந்தையா நின்னா சைக்கிள விட்டு எறங்கி, சைக்கிள உங்களுக்கும் மாட்டுக்கும் நடுவுல வெச்சுக்கிட்டு, தாய்க்கும் கன்னுக்கும் எடையில போகாம சுத்தி நடந்து போங்க, பாதைய விட்டுக் கொஞ்சம் விலகினாலும் பரவால்ல. குதிரை வந்தா தூரத்துலயே பேச்சுக் குடுங்க, ஒரு ஹலோ போதும், மனுசக் குரல்னு தெரிஞ்சா குதிரை மெரளாது, சத்தமில்லாம பின்னாடி வந்து நிக்கற சைக்கிளத்தான் அதுக்குப் புடிக்காது. கேட்ட எப்படிப் பாத்தீங்களோ அப்படியே விடுங்க, தொறந்திருந்தா தொறந்தபடி, சாத்தியிருந்தா சாத்தி, கொண்டி விழுந்துச்சான்னு ஒரு தடவை இழுத்துப் பாத்துட்டு. அக்டோபர் 1ல இருந்து பிப்ரவரி 1 வரைக்கும் ஃபெசன்ட்ங்கற காட்டுக்கோழி வேட்டை சீசன், எஸ்டேட் காட்டுக்குள்ள துப்பாக்கிச் சத்தம் கேட்டா நின்னு கேட்டுட்டுப் போறது நல்லது, அந்தக் கோழிங்க திடீர்னு வேலில இருந்து சக்கரத்துக்குள்ளயே ஓடி வரும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னாடி, இடுப்புப் பக்கம் உண்ணி ஏறியிருக்கான்னு பாத்துக்கங்க, லைம் நோய் அதுல இருந்துதான் வருது, அடுத்த சில வாரத்துல வட்டமா செவப்பு படர்ந்தா டாக்டர்கிட்ட போயிடணும்.

முழு 160 கிலோமீட்டரும் போகணும்னு ஆசை வந்தா மூணு நாளாப் பிரிச்சுக்கங்க, மேற்குல இருந்து கிழக்க போங்க, காத்து பெரும்பாலும் தென்மேற்குல இருந்து முதுகத் தள்ளும். அம்பர்லி, சவுத்தீஸ் ரெண்டு ஸ்டேஷனும் பாதைய ஒட்டியே இருக்கு, முடியலைன்னா ரயில் ஏறிடலாம். கடைசில ஆல்ஃபிரிஸ்டன்ல பாதை ரெண்டாப் பிரியும், கடல் பக்கம் செவன் சிஸ்டர்ஸ் பாறை மேல போறது நடக்கறவங்களுக்கு, நமக்கு உள்பக்கம் ஜெவிங்டன் வழி.

மொதல்ல வின்செஸ்டர்ல இருந்து எக்ஸ்டன் வரைக்கும் போயிட்டு வாங்க தம்பி. எந்தத் தேதி போறீங்கன்னு சொன்னா, முந்தின வாரம் மழை எப்படின்னு பாத்து பாதை எந்த நெலமைல இருக்கும்னு சொல்றேன், நான் சும்மா இருந்தா சில்கம் சர்ச் கிட்ட வந்து சேந்துக்கறேன்.